கணக்கு மேடத்துக்குப் பயந்து கோயிலில் ஒளிந்தேன்

சேசுவுக்கு நன்றி. நம் பங்குக் கோயில் மக்கள் முன்னால் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவள்.

நான் அனுமந்தன்பட்டி ஜெனி. அப்பா திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார். அம்மா ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே டீச்சர் ஆகணும் என்று ஆசை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. பட்டமும் பி.எட்.டும் சேர்த்தே படிக்கிற வகுப்பு. நான் எடுத்தது கணக்கு.

கல்லூரிக்குப் போன முதல் வாரமே வாயை மூடிக்கொண்டேன். விடுதி அறையில் எங்கள் ஊர்ப் பேச்சில், "வார்டன் வந்தாக, அங்கன நிக்கிறாக" என்று சொன்னேன். அறையே சிரித்தது. கெட்ட பிள்ளைகள் இல்லை, வேடிக்கைக்குத்தான் சிரித்தார்கள். ஆனால் எனக்கு அவமானமாகிவிட்டது. அதற்குப் பிறகு "ம்", "இல்ல", அவ்வளவுதான் என் பேச்சு. வகுப்போ முழுக்க இங்கிலீஷ். அம்மாவுக்கு மலையில் சிக்னல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். "சாப்பிட்டியா ஆத்தா?" என்று அம்மா கேட்பார். "சாப்பிட்டேன்மா" என்பேன். வேறு என்ன சொல்ல? என் கஷ்டம் என்னவென்று அம்மாவுக்கு விளங்காது. எனக்கே விளங்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவே உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு, ஒரு ஆளிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வருவேன். அந்தத் தனிமையை என் விரோதிக்கும் ஆண்டவர் கொடுக்கக் கூடாது.

முதல் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டேன். வகுப்பு முடியும்போது கணக்கு மேடம், "ஜெனி, ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என்னைப் பாரு" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. நம் பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? அடி, இல்லாவிட்டால் "அப்பாவைக் கூட்டிட்டு வா". என் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்து அங்கே கைகட்டி நிற்பதை நினைத்தேன். நான் போகவே இல்லை. பிறகு அவர் வகுப்புக்குப் போகவும் பயம். கணக்கு நேரம் வந்தால் கல்லூரிக்குள் இருக்கிற மாதா கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வேன். வருகை குறைந்தால் பரீட்சையே எழுதவிட மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் போகவில்லை.

கடைசியில், படிப்பை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்துவிடலாம் என்று முடிவு பண்ணி, பையையும் கட்டி வைத்துவிட்டேன். அன்று கோயிலில் முழந்தாளிட்டு அழுதேன். "ஆண்டவரே, பெரிசா எதுவும் கேட்கவில்லை. பேச ஒரே ஒரு ஆளைத் தாரும். இல்லையென்றால் நான் போகிறேன்" என்றேன். ஜெபமா அது, சண்டை!

அப்போது பின்னால் யாரோ மெதுவாகப் போன் பேசுகிற சத்தம். "எல்லாரும் நல்லாத்தாம்மா இருக்காக. அத்தாகிட்ட சொல்லு."

இருக்காக! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால், கடைசி பெஞ்சில் முக்காடு போட்ட ஒரு பிள்ளை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எந்த ஊரு புள்ள?" என்று கேட்டேன். எத்தனை நாளுக்குப் பிறகு நானாக வாயைத் திறந்து கேட்கிறேன்!

"உத்தமபாளையம்."

"ஏ ஆத்தா! நான் அனுமந்தன்பட்டி. இங்கன என்ன பண்ற?"

"கோயில்ல வந்து ஒரு முஸ்லிம் பிள்ளையை யாரு தேடப் போறாக? கணக்கு மேடம் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னாக. பயந்து ஒளிஞ்சுக்கிட்டேன்."

அழுகையோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னையும்தான் வரச் சொன்னாக!"

அவள் பெயர் நஸ்ரின். இயற்பியல் வகுப்பு, அவர்களுக்கும் கணக்குப் பாடம் எடுப்பது அதே மேடம்தான். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆள், அவளுக்கும் டீச்சர் ஆசை. தனியாகப் போகத்தான் பயம், இரண்டு பேராகப் போகலாமே என்று கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே போனோம்.

மேடம் எங்களைப் பார்த்ததும், "எங்கம்மா போனீங்க? எத்தனை நாளா தேடுறேன்!" என்றார். நஸ்ரின், "அத்தாவைக் கூட்டியாரச் சொல்லாதீக மேடம்" என்று அழுதேவிட்டாள். அப்பாவைத்தான் அவள் அத்தா என்பாள். மேடத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தார். "திட்டவா கூப்பிட்டேன்? புரியலைன்னா வந்து கேக்கத்தான் இந்த ரூம். மத்த பிள்ளைங்களுக்கு இது வீட்டுலயே தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்" என்றார். அன்று சாயங்காலமே தமிழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒரு வகுப்பும் விடாமல் போய் வருகையைச் சரிக்கட்டினோம்.

தனிமை ஒரே நாளில் ஓடிவிடவில்லை. இப்போதும் சில ஞாயிறு சாயங்காலம் நெஞ்சு கனக்கும். ஆனால் நான் ஊருக்கு ஓடி வரவில்லை. போன மாதம் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். "குட் மார்னிங் மிஸ்" என்று பிள்ளைகள் எழுந்து நின்றபோது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்பானவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் கேட்பார். இந்த வருஷம் நம் தெருவிலிருந்தும் பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போயிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் போனை எடுத்துக் கூப்பிடுங்கள். சாப்பாட்டை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளை எங்கேயோ உட்கார்ந்து, பேச ஒரு ஆளைக் கேட்டு அழுதுகொண்டிருக்கும். ஆண்டவர் அனுப்ப நினைக்கிற ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.