எல்லோருக்கும் ஐம்பது வயது

எம்.எஸ்ஸி. புள்ளியியல் கடைசி வருடம் நான் பேராசிரியரின் மேசையில் வைத்த படிவக் கட்டில் சிகந்தராபாத் திருமுல்கேரிப் புழுதி அப்பியிருந்தது. வீடு வீடாகப் போய், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வயது என்று கேட்டு எழுதியவை. பிறந்த தேதி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஓர் அம்மாள், "பச்சாஸ் லிக் லேவோ" என்றாள்; ஐம்பது என்று எழுதிக்கொண்டேன். மகனுக்கு நாற்பது என்றாள். அதெப்படி என்று கேட்டதற்கு, "கைக்கு பூச்ரே?", எதற்குக் கேட்கிறாய் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

என் வகுப்புத் தோழி மாரெட்பள்ளியில் தன் வீட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எல்லாப் படிவங்களையும் நிரப்பினாள். முப்பத்தேழு, நாற்பத்து மூன்று, ஐம்பத்தொன்று என்று வயதுகள் அழகாகப் பரவிக் கிடந்தன. "யாரு போய்ப் பாக்கப்போறாங்க? வெயில்ல சுத்தணும்னு ஒனக்கென்ன தலையெழுத்தா?" என்று என்னிடமே கேட்டாள்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு இருந்தது ஒரே இடம்; இந்தக் கணக்கெடுப்பைப் பார்த்துப் பேராசிரியர் கொடுப்பது. அது கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

பேராசிரியர் என் அட்டவணையைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பது! ஊர்ல எல்லாரும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பொறந்தாங்களாம்மா? வீட்டுல ஒக்காந்து எழுதினியா?" எல்லோரும் சிரித்தார்கள். தோழியும் சிரித்தாள். இடம் அவளுக்குப் போனது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பொதுத்துறை ஆலையில் புள்ளிவிவரப் பிரிவில் சேர்ந்தேன். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லும் ஊரில் கணக்கு இப்படித்தான் பத்திலும் ஐந்திலும் குவியும், நேரில் போய்க் கேட்டதற்கு அதுவே அடையாளம் என்று அங்கே தொழிலாளர் குடும்பக் கணக்கெடுப்புப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. இருபது வருடம் இதையே பாடம் நடத்திய மனிதர் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டியிருப்பாரா?

சில வருடங்கள் கழித்து, சிகந்தராபாத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் அந்தப் பேராசிரியர் நின்றிருந்தார், தன் அம்மாவோடு. சீட்டு எழுதும் பெண் அந்த அம்மாவின் வயதைக் கேட்டாள். அவர் ஒரு கணம் யோசித்தார்.

"எம்பதுன்னு போட்டுக்கோம்மா."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பியவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"நம்ம டிபார்ட்மென்ட் பொண்ணுதானே? பி.எச்.டி. முடிச்சிட்டியா?"

"இல்ல சார்."

"ஏம்மா விட்டுட்டே? நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே."

"நீங்க ஸீட் குடுக்கல சார்."

"அப்படியா?" என்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.