காற்றுக்கு ஓர் உப்புக்கட்டி

பதினொரு மாதம் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கார்டு விளையாடினேன். இதைச் சொன்னால் மரக்காணத்தில் பாதிப் பேர் என் வீட்டுக்காரர் என்னைச் சூதாட விட்டார் என்பார்கள். மீதிப் பேர் நான் கதை அளக்கிறேன் என்பார்கள். இரண்டும் இல்லை. இது ராஜா ராணிச் சீட்டு அல்ல. ஒவ்வொரு கார்டிலும் ஒரு டிராகனோ பூதமோ வீரனோ படமாக இருக்கும், பக்கத்தில் அதன் பலம் எண்ணில் இருக்கும். கார்டுகளை வாங்கி, மற்றவர்களோடு மாற்றி, அவரவர் கார்டுக்கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு ஆட வேண்டும்.

2004இல், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், சிங்கப்பூரிலிருந்து அவருடைய அண்ணன் ஒரு பெட்டி அனுப்பினார். தைலமும் டார்ச் லைட்டும் கேட்டிருந்தோம். அவற்றோடு இந்தக் கார்டு இரண்டு கட்டு வந்தது. அதற்குப் பிறகு தைலத்தை யார் சீண்டினார்கள்?

அவர் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தார். மழை மாதங்களில் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும், உப்பு வாரும் வேலை கிடையாது, கொட்டகைக்குக் காவலாக மட்டும் அவர் போக வேண்டும். நான் மதியச் சோறு எடுத்துக்கொண்டு போவேன். சோறு ஆறிப்போகும் வரை ஆடுவோம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கொட்டகையில் அவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று ஊர் நினைத்ததை நாங்கள் திருத்தப் போகவில்லை.

விதிமுறைப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது எழுத்தும் போய்விட்டது. கையில் எத்தனை கார்டு வைத்திருக்கலாம் என்பது அதில்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து என்று நாங்களே வைத்துக்கொண்டோம், உப்பளத்துக் கடற்காற்றில் ஆறாவது கார்டு கையில் நிற்காது. கீழே இருக்கும் கட்டும் பறக்கும் என்பதால், ஆளுக்கோர் உப்புக்கட்டியை அதன் மேல் வைப்போம்.

அந்த உப்புக்கட்டியில்தான் என் ரகசியம் இருந்தது. நல்ல கார்டை எடுத்துவிட்டால், அவருடைய வலது கை திரும்பப் போய் உப்புக்கட்டியை ஒரு அழுத்து அழுத்தும். அவருக்கே அது தெரியாது. இரண்டு மழைக்காலம் அதைப் பார்த்துப் பார்த்தே ஜெயித்தேன். "எப்படித்தான் கண்டுபிடிக்கிற?" என்பார். "மூஞ்சியிலயே எழுதியிருக்குதுங்க" என்பேன். மனசாட்சி என்னை ஒன்றும் செய்யவில்லை.

2006 தொடக்கத்தில், எங்களிடம் மிகுந்திருந்த கார்டுகளை மாற்றிக்கொள்ளச் சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. போட்டியில் ஜெயிப்பவரைக் கடை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும், ஊர் ஊராக ஆட அனுப்பும். ஒரே ஓர் இடம். இருவருமே பெயர் கொடுத்தோம். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. நல்ல மனைவி என்று பெயர் வாங்க வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

போட்டி ஏசி ஹாலில் நடந்தது. முதல் ஆட்டத்தில், பழக்கதோஷத்தில், கைப்பையிலிருந்து உப்புக்கட்டியை எடுத்துக் கட்டின் மேல் வைத்தேன். எதிரில் இருந்த கல்லூரி மாணவன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அக்கா, திருஷ்டி கழிக்கிறீங்களா?"

"காத்துக்குப்பா."

"இங்க ஃபேன்கூட இல்லியேக்கா."

நடுவர் வந்தார். மேஜையில் கார்டைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது என்று என் கட்டியை எடுத்துக்கொண்டார். இரண்டு மேஜை தள்ளி என் வீட்டுக்காரர் வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் என் கையைப் பார்த்து, "ஏம்மா, அஞ்சோட நிறுத்திட்டீங்க? ஏழு வரைக்கும் வெச்சுக்கலாம்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தை வைத்தே குடித்தனம் நடத்தியவளுக்கு இரண்டு கூடுதல் என்றால் சும்மாவா? அந்த மாணவனை ஜெயித்தேன், அடுத்து வந்தவர்களையும் ஜெயித்தேன். அந்தப் பக்கம் அவரும் ஏழு கார்டோடு எல்லோரையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

உப்புக்கட்டி இல்லை. அவர் மூஞ்சியில் எதுவும் எழுதியிருக்கவில்லை, என்றைக்குமே எழுதியிருந்ததில்லை. என் டிராகனை இறக்கினால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் திருப்பியடிக்கும் கார்டு அவரிடம் இருந்தால் நான் காலி. அவர் ஒரு கார்டை எடுத்தார். பிறகு அவருடைய வலது கை மெல்ல நகர்ந்து போய், உப்புக்கட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றை அழுத்தியது.

டிராகனைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். சின்னச் சின்ன வீரர்களை அனுப்பி, அவர் அந்தக் கார்டைச் செலவழிக்கும்படி செய்தேன். அதற்குப் பிறகுதான் டிராகனை இறக்கினேன். இடம் எனக்குக் கிடைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம். முன் சீட்டுக்காரரிடம், கண்டக்டரிடம், எல்லோரிடமும் என் மூளையைப் பற்றியே பேசினார். கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை, உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"நல்ல கார்டு வந்தா நீங்க உப்பை அமுக்குவீங்க."

"யாரு, நானா?"

"இன்னிக்கு உப்பே இல்ல. அப்பவும் அமுக்குனீங்க."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன், இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மரக்காணம் எப்பவோ போயிடுச்சும்மா" என்றார் கண்டக்டர். அடுத்து வந்த கூனிமேட்டில் இறங்கினோம்.

எதிர்ப்பக்கம் பஸ் வரும் வரை, நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் கார்டைப் பிரித்தோம். கட்டின் மேல் டிபன் பாக்ஸை வைத்தோம். ஏழு கார்டு பிடித்துப் பார்த்ததில் சாயங்காலக் காற்றில் இரண்டு பறந்து ரோட்டுக்குப் போயின. ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து, பழையபடி ஐந்துக்கே திரும்பினோம். ஒவ்வொரு கார்டையும் எடுத்ததும் அவர் வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.

அவர் கையில் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை. அது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சம்பளக்காரியாக நான் ஆடிய முதல் ஆட்டம் அதுதான், சுத்தமாகத் தோற்றேன்.

"இன்னொரு ஆட்டம்" என்றேன். மரக்காணம் பஸ் வந்து நின்றது, இரண்டு முறை ஹாரன் அடித்தது, எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.