கிரிந்தையில் ஒருநாள் முழுக்க

டீசல் வாசனையும் நசுக்கிய தேசிக்காயின் எலுமிச்சை வாசனையும்... இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் இருப்பேன்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம். மலைநாட்டில், பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு பஸ் போனது. ஏற்பாடு செய்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், தோட்டத்துக் கோயிலின் தலைவர். யார் எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்பதுகூட அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். எங்களுக்குக் கடைசி சீட்.

வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுத்தார்கள். அம்மா எனக்குத் தேசிக்காயை முகரக் கொடுத்துவிட்டு, தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டாள். எல்லோரும் சுவெட்டர் போட்டிருந்தோம். மலையிறங்கி வெல்லவாய வந்த பிறகுதான் உலகத்தில் சுவெட்டர் தேவைப்படாத ஊர்களும் இருக்கின்றன என்பது எங்களுக்குப் புரிந்தது. அம்மா அப்போதும் கழற்றவில்லை. உள்ளே போட்டிருந்த சட்டை கிழிசல்.

சாமி கும்பிட்ட மறுநாள், திரும்பும் வழியில் கிரிந்தைக் கடற்கரையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"தண்ணி ஐஸு மாதிரி இருக்கும். எறங்குனா சளி புடிச்சிரும்" என்றார் பெரியம்மா. அவர் ஒரு தடவை கொழும்புக்குப் போய் வந்தவர். அதனால் கடல் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

அம்மா நம்பினாள். அவளுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பீலிக் குழாயில் விழும் மலைத் தண்ணீர்தான். விடியற்காலையில் அதில் கால் கழுவினால் எலும்புவரை குத்தும். அதனால் எல்லோருடைய செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக மணலில் உட்கார்ந்துகொண்டாள். பெரியம்மா மட்டும் முழங்கால்வரை இறங்கி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நேரத்தில், காலில் ஒட்டிய மணலைக் கழுவத்தான் அம்மா தண்ணீர் ஓரம் போனாள். ஓர் அலை வந்து கணுக்காலை மூடியது.

அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய்... வெதுவெதுன்னு இருக்குடா!"

அட்டை கடித்த தழும்பும் வெடிப்பும் நிறைந்த கால்கள் அவை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னோர் அலைக்காகக் காத்திருந்தாள். நேரே பெரியப்பாவிடம் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. "பெரியப்பாகிட்ட சொல்லுடா, ஒரு பத்து நிமிசம்னு."

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கடல் எங்கயும் ஓடிப் போயிறாது. ஒங்கம்மாவ ஏறச் சொல்லு. அடுத்த வருசம் வந்து நல்லா பாத்துக்கலாம்" என்றவர், டிரைவர் பக்கம் திரும்பி, "ஹோர்ன அடிப்பா" என்றார்.

அப்பா எங்களைப் பார்க்கவில்லை. அண்ணன் பேசும்போது அவருக்கு எப்போதும் வேறு எங்காவது பார்க்க இருக்கும்.

அடுத்த வருடமும் பஸ் போனது. இடையில் கோயில் கணக்கு பற்றி அப்பா ஏதோ கேட்டுவிட்டாராம்... எங்களுக்கு இடமில்லை. பஸ் மேல் ரோட்டில் திரும்பியபோது அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

நான் படித்து, வேலைக்குப் போய், வேன் வாங்கிக் கூப்பிட்ட காலத்தில் அவளுக்கு முழங்கால் வலி. "அடுத்த வருசம் போவோம்டா" என்றாள் அவளும். பிறகு அவள் இல்லை.

பெரியப்பா செத்தபோது போனேன். வாய்க்கரிசி போடவில்லை. சொந்தக்காரர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். பேசட்டும்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி ஒரு மாநாடு நடந்தது. லீவுக்குத் தெற்குக் கடற்கரையோரமாகப் பயணம். திட்டம் போடுவது, ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த மகளும் அவளுக்கு இளைய மகனும். எனக்கு வேலை தலையாட்டுவதும் பெட்ரோல் அடிப்பதும்.

"அப்பா, கிரிந்தைக்கு அரை மணித்தியாலம் போட்டிருக்கேன். அதுவே கூடத்தான்."

"அங்க ஒருநாள் முழுக்க இருக்கப் போறோம்."

"ஒருநாள் முழுக்கவா? அங்க என்னப்பா இருக்கு? பாறையும் மண்ணுந்தான்."

"குளிக்கவும் ஏலாதாம்பா, அலை இழுத்துருமாம்" என்றான் மகன், போனைப் பார்த்துக்கொண்டே.

"குளிக்க யாருடா கேட்டா? சும்மா ஓரத்துல நிக்கத்தான்."

"நிக்கிறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? நம்ம பஸ் ஸ்டேண்ட்லயே நில்லுங்க" என்றாள் மகள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"சும்மா இருடி. அவரு எப்ப வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்காரு?" என்றாள் மனைவி.

மகள் விடவில்லை. "தங்குற ரூம்ல சுடுதண்ணியும் இல்லம்மா. பச்சத் தண்ணில குளிச்சா எனக்குச் சளி புடிச்சிரும்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியே பெரியம்மாவின் குரல். கத்தியிருப்பேன்... கத்துவதற்கும் அலுப்பாக இருந்தது. அதனால் சொன்னேன். பஸ், சுவெட்டர், செருப்புக் காவல், பத்து நிமிடம், ஹோர்ன். எல்லாவற்றையும் வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மகன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"அப்ப அப்பாயி அதுக்கப்புறம் கடலுக்குப் போகவே இல்லையா?"

"இல்ல."

மகள் போனில் எதையோ அழித்தாள். "சரி, ஒருநாள். ஆனா மிரிஸ்ஸ பீச்ச வெட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

அன்றைக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தோம், கடலில் நிற்கப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஏசி வேன் இருக்கிறது, ஒருநாள் முழுக்க இருக்கிறது. வெதுவெதுவென்று இருக்கிறது என்று கூவ வேண்டியவள் இல்லை.

"அங்கயிருந்து எத்தன மணிக்குப்பா கெளம்புறது?" என்று கேட்டாள் மகள்.

"அத மட்டும் போடாத" என்றேன்.

வேனை ஓட்டப் போவது நான். ஹோர்ன் அடிக்க வேறு ஆள் கிடையாது.