ரெய்க்யவிக்கில் ஒரு அர்ச்சனை

நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் குரல் கேட்டது, கனவில் வந்து சொன்னது என்று யாராவது ஆரம்பித்தால் மெல்ல நகர்ந்துவிடுகிறவள். நியூ ஜெர்சியில், ஐசலினில் ஒரு இந்திய மளிகைக் கடையில் எனக்கு பில் போடுகிற வேலை. வருகிற ஆன்ட்டிகளில் பாதிப் பேரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். "அப்படியா ஆன்ட்டி" என்று கேட்டுக்கொண்டே வெண்டைக்காயை எடை போடுவேன். இப்போது நானே ஒன்று சொல்ல வந்திருக்கிறேன். நீங்களும் வெண்டைக்காயை எடை போட்டுக்கொண்டே கேளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்லமாட்டேன். அமெரிக்கா வந்தால் மாறிவிடுவேன் என்றார்கள், மாறவில்லை. கிரீன் கார்டு இன்டர்வியூவில் ஆபீசர் கேட்டபோதுகூட, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கையால் காட்டினேன். கோயிலில் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டால் அவரே சொல்லிக்கொள்வார், அவர் வராத அன்றைக்கு எங்கள் பெண் நித்யா சொல்வாள். எழுதலாம், அதில் தப்பில்லை: சுந்தரேசன்.

குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து வீடே ஒரு பயத்தில் இருந்தது. ஜூலை கடைசியில் நித்யாதான் டிக்கெட் போட்டாள், நெவார்க்கிலிருந்து ஒரே ஃப்ளைட், மூன்று நாள், ஐஸ்லாந்து. ரெய்க்யவிக் தலைநகரமாம், எனக்கென்னவோ நம் பக்கத்து ஊர் எடிசனையே கடற்கரையில் கொண்டுபோய் வைத்த மாதிரி இருந்தது. கலர் கலராகத் தகரம் அடித்த வீடுகள், தலைமுடியைப் பிய்க்கிற காற்று. ஊரின் கோடியில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒரு கலங்கரை விளக்கமும், அதற்கு நடந்து போகிற கல் பாதையும் தெரியும்.

அன்றைக்கு ரசமும் அப்பளமும் செய்து சாப்பிட்டு முடித்தோம். வெளியே இன்னும் வெயில். எனக்கு ஒரே குழப்பம், பொழுதே சாயாத ஊரில் எப்போது விளக்கு வைப்பது?

"ஜெர்சி டைமுக்கு வையேன். உன் சாமி அங்கேர்ந்துதானே நம்மகூட ஃப்ளைட் ஏறிச்சு" என்றார் அவர்.

"கேலி பண்ணாதீங்க."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். அந்த லைட்ஹவுஸ் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போன் சார்ஜரிலேயே கிடந்தது.

நான் கையோடு கொண்டுவந்திருந்த மீனாட்சி படத்தை ஜன்னல் ஓரம் வைத்து, பேட்டரி விளக்கைப் போட்டேன். நெருப்பு விளக்கு ஏற்றினால் அலாரம் அடிக்கும் என்று நித்யா சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து கலங்கரை விளக்கத்தை மறைத்துவிட்டது. போனைப் பார்த்துக்கொண்டிருந்த நித்யா சட்டென்று எழுந்தாள்.

"அம்மா, அந்த லைட்ஹவுஸ் போற பாதை... ஹை டைட்ல கடல் ஏறி வந்து மூடிடுமாம். இட்ஸ் கமிங் இன் நவ்."

அவள் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டினாள். குருக்கள் இல்லை, கோயில் இல்லை, சொல்லிக்கொடுக்க ஒருத்தரும் இல்லை. படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னேன், கல்யாணமாகி முதல் தடவையாக: "சுந்தரேசன், உத்திராட நட்சத்திரம். தாயே, அவரைத் திருப்பி அனுப்பு."

லேஸ் கட்டிக்கொண்டிருந்த நித்யா நிமிர்ந்தாள். "உத்திராடம்னா என்னம்மா?"

"பேசாம ஓடுடி!"

ஓடினாள். நான் வாசலிலேயே நின்றேன். அவர்கள் இருவரும் பனிக்குள்ளிருந்து ஒன்றாக வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் கால்சட்டை முழங்கால் வரை நனையக்கூட இல்லை, ஓரம் மட்டும்தான் ஈரம். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பாதி தூரம் போயிருப்பேன். பின்னாடி ஒரு அம்மா என் பேரைச் சொன்னாங்க. சத்தமாக்கூட இல்ல, கோயில்ல பக்கத்துல நிக்கறவங்க குருக்கள்கிட்ட சொல்வாங்களே, அந்த மாதிரி. 'சுந்தரேசன், உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி'ன்னு. யாரோ நம்ம ஊர்க்காரங்கன்னு கரை வரைக்கும் திரும்பி வந்து தேடினேன். ஒருத்தருமில்ல. மறுபடி கடலைப் பார்த்தா, நான் நடந்த பாதையைக் காணோம், வெறும் தண்ணி."

நித்யா குதித்தாள். "அப்பா, அது அம்மாதான்! ஷீ செட் யுவர் நேம்! நான் இங்கதான் இருந்தேன்."

"உங்கம்மாவா? என் பேரையா?" அவருக்குச் சிரிப்பு. "கிரீன் கார்டுக்கே சொல்லாதவ!"

"பிராமிஸ்ப்பா. பட் ஷீ செட்... உத்திராடம்."

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். "உத்திராடம் உன் தம்பியோடதில்ல?"

ஆமாம், என் தம்பி நட்சத்திரம்தான். அவருடையது உத்திரட்டாதி. பதற்றத்தில் நாக்கு புரண்டுவிட்டது. அவர் கேட்கும்வரை எனக்கே அது தெரியாது.

காற்றில் ஏதோ கேட்டிருக்கும் என்று அவர் இப்போது சொல்லிக்கொள்கிறார். அது என் குரல் மாதிரி இருந்ததா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பயத்தில் ஒருத்தி கத்தியதைக் காற்று அவ்வளவு தூரம் கொண்டுபோனது என்றே வைத்துக்கொள்வோம். நான் தப்பாகச் சொன்ன நட்சத்திரத்தைக் காற்று எப்படித் திருத்தும்? ராசியை நான் சொல்லவேயில்லையே. மீனாட்சிதான் என்று சொல்லிவிட எனக்கு ஆசை. சொன்னால் மனசு ஆறும். ஆனாலும் முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஊர் திரும்பியதிலிருந்து கோயிலில் அவர் பெயரை நானே சொல்கிறேன். குருக்களுக்கு ஆச்சரியம், அவருக்கு வெட்கம். பெயர் வரைக்கும் நன்றாக வருகிறது. நட்சத்திரம் என்று வரும்போது மட்டும் ஒரு நொடி நிறுத்திவிடுகிறேன், எனக்குப் பின்னால் நிற்கிற யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்களோ என்று. திரும்பிப் பார்க்க மட்டும் இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.