மணி அடித்தால் பை இறங்கும்

மாடி டெய்லருக்கு அந்த நாற்சந்தியில் எல்லோரையும் தெரியும். ஆனால் உச்சந்தலையாகத்தான் தெரியும். யாருக்கு வழுக்கை எங்கே தொடங்குகிறது, யார் சாயம் பூசுகிறார், யார் பாதி பூசிவிட்டு மறந்துபோனார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முகம் பார்க்கும் பாக்கியம்தான் குறைவு. அதற்கும் காரணம் அவரே. கடைக்கு ஏறும் படிக்கட்டு செங்குத்தானது. வாடிக்கையாளர்களின் முட்டி நோகக் கூடாதென்று சன்னலிலிருந்து ஒரு துணிப்பையைக் கயிற்றில் தொங்கவிட்டார். கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். துணி பையில் ஏறும், தைத்தது பையில் இறங்கும். இப்படியொரு அருமையான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, மேலே ஒருத்தரும் வருவதில்லையே என்று ஏங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது.

மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகள் வெளியூரில், அவ்வப்போது போனில் வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பதில் வருவதற்குள் குழந்தை அழுகிறதென்று வைத்துவிடுவாள். படி ஏறி வரும் ஒரே ஜீவன் ரொட்டிக் கம்பெனி வேன் டிரைவர். சாயங்காலம் சரக்கு இறக்கி முடித்ததும் வேனைக் கீழே நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்து, வெட்டிப்போட்ட துணித் துண்டுகளைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்காருவான். உடைந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று கையில் இருக்கும். உலகத்தில் ஒருவரையும் விட்டுவைக்காமல் இருவரும் திட்டித் தீர்ப்பார்கள். டெய்லரின் நாளில் மற்ற நேரமெல்லாம் அந்த நேரத்துக்கான முன்னுரை.

அன்று மத்தியானம் அவர் தைத்துக்கொண்டிருந்ததும் அவனுடைய யூனிஃபார்ம் சட்டையைத்தான். கைப்பட்டி கிழிந்திருந்தது. தெரிந்த வேனின் சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தினார். ஒரு பெண் சைக்கிளில் நேராக, தன் ஓரத்தில், ஒழுங்காக வந்துகொண்டிருந்தாள். வேன் கை காட்டாமல், விளக்கு போடாமல், சட்டென்று திரும்பியது. டிரைவரின் முகம் சாலையில் இல்லை, மடியில் இருந்த போனில் இருந்தது. சைக்கிள் ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள். டெய்லரின் கண் அங்கே நின்றுவிட்டது. கால் மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தது.

டேப்பு கழுத்தில் தொங்க அவர் இறங்கி ஓடியபோது கீழே பெருங்கூட்டம். கூட்டத்தின் கடமையுணர்ச்சி மெய்சிலிர்க்க வைத்தது. எல்லோர் கையிலும் போன், எல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று அவர் கேட்டார். சொல்லியாச்சு, சொல்லியாச்சு என்று நாலு பக்கமும் குரல் வந்தது. யார் சொன்னது என்று கேட்டார். எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். கடைசியில் அவரே சொன்னார். அது வரும்வரை சாலையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். டிரைவர் வேன் கதவைப் பிடித்தபடி சிலையாக நின்றான்.

அதற்குள் தீர்ப்பும் ஆகிவிட்டது. விபத்தின்போது ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்த ஜூஸ் கடைக்காரர், அந்தப் பெண் குறுக்கே வந்து விழுந்ததைக் கண்ணாரக் கண்டதாகச் சொன்னார். கண்ணாடி போடாமல் வெளியே வந்த மருந்துக்கடைக்காரர் அதை ஆமோதித்தார். பார்த்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்க்காதவர்கள் ஒருவரும் வாய் மூடவில்லை.

சாயங்காலம் டிரைவர் ஏறி வந்தான். பிஸ்கட் இல்லை. நாளைக்கு ஸ்டேஷனில் விசாரணை, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி முதலாளி சொன்னாராம். டெய்லர் சட்டையை மடித்துக் கொடுத்தார். அன்றைக்கு இருந்த நிலையில் அதை விரித்துப் பார்க்கவில்லை.

"நீங்க குனிஞ்சு தைச்சிட்டிருந்திருப்பீங்க, இல்லண்ணே?"

"நான் எப்பவும் குனிஞ்சுதானே தைக்கிறேன்" என்றார் டெய்லர். பொய்யில்லை. ஆனால் இரவெல்லாம் அது நெஞ்சில் ஊசிமாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னவர் என்பதால் மறுநாள் காலை டெய்லரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். தாழ்வாரத்தில் டிரைவர் பழைய சட்டையோடு நின்றான். யூனிஃபார்ம் கையில் இருந்தது.

"கை நுழையலண்ணே" என்று கைப்பட்டியை நீட்டினான். அதன் வாய் மூடித் தைத்திருந்தது. தையல் அங்கே நிற்காமல் கோணல்மாணலாகத் தோள்வரை ஓடியிருந்தது. "கண்ணை மூடிட்டுத் தைச்சாக்கூட உங்களுக்குத் தப்பாது. பாத்துட்டீங்க."

"பாத்துட்டேன் தம்பி."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?"

"யாருமில்ல."

"நான் யாரு?"

டெய்லர் கைப்பட்டியின் தையலை விரலால் தடவினார். டிரைவர் குரலைத் தாழ்த்தினான். "என்னை விட்டா உங்களுக்கு வேற யாருண்ணே இருக்கா? குனிஞ்சிருந்தேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

உள்ளே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர், பாதி கொட்டாவியில், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கிடப்பவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவளுக்காகப் பேச ஜூஸ் கடைக்காரர் இருக்கிறார். டெய்லர் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். டேப்பைத் தேடினார், அன்று அதைப் போட்டுக்கொண்டு வரவில்லை. பிறகு டிரைவர் மடியில் இருந்த போனையும் சேர்த்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வெளியே வந்தபோது தாழ்வாரம் காலி.

சில மாதம் வேன் வேறொருவன் கையில் ஓடியது. அவன் படி ஏறுகிறவன் அல்ல. சன்னலுக்குக் கீழே போன உச்சந்தலைகள் அவரை அண்ணாந்து பார்ப்பதையும் விட்டுவிட்டன. நேரில் பார்த்ததைச் சொல்லுகிறவனை யார்தான் நம்புவார்கள்? நாளைக்கு நம்மையும் பார்த்துவிட்டால்?

ஒருநாள் மணி அடித்தது. சைக்கிள் பெண், கம்பு ஊன்றி, பாவாடை ஒன்றைப் பையில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "மேல வந்து கும்பிடணும்னு ஆசை ஐயா. கால் ஏறாது."

"அதனால என்னம்மா" என்றார் அவர். வரக்கூடியவனுக்கு மனமில்லை, மனமிருப்பவளுக்குக் காலில்லை. கடவுளின் அளவெடுப்பே அப்படி. யார் சட்டையும் யாருக்கும் பொருந்தாது.

மழைக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம், தெரிந்த வேனின் சத்தம் பழையபடி சன்னலுக்குக் கீழே வந்து நின்றது. டெய்லர் மிஷினை நிறுத்தினார். நாற்காலியில் குவிந்திருந்த துணித் துண்டுகளை அவசரமாக அள்ளிக் கீழே போட்டார். படிக்கட்டில் காலடி கேட்கக் காத்திருந்தார்.

மணி அடித்தது.

பையை மேலே இழுத்தார். உள்ளே அந்தச் சட்டை. கை இன்னும் மூடியபடி. சன்னலில் எட்டிப் பார்த்தபோது, வேன் விளக்கைச் சிமிட்டி, ஒரு கிழவியை முன்னே போகவிட்டு, நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அன்றே தையலைப் பிரித்து, ஊசி ஓட்டை தெரியாமல் நீவி, சட்டைக்கு இஸ்திரி போட்டார். பையில் வைக்கப் போனவர் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையை எடுத்து நாற்காலியின் முதுகில் மாட்டினார்.

அது பையில் இறங்காது. வேண்டுமென்றால் படி ஏறட்டும்.