உஷாரான இங்கிலீஷும் அக்காவுக்கு வந்த வரனும்

போர்டு கடை வேலையில் போர்டு ஒரு கஷ்டமே இல்லை, எழுதச் சொல்லி வருகிற ஆள்தான் கஷ்டம். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒத்துக்கொள்வார்கள்.

நான் ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டிக்கர், போர்டு கடையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் போர்டில் இங்கிலீஷ் கட்டாயம் வேண்டும். ஆனால் இங்கிலீஷை நம்ப மாட்டார்கள். அதனால் எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒரு சட்டம் வைத்திருக்கிறார். எந்தச் சொல்லாக இருந்தாலும் அர்த்தம் என்ன, எங்கேயிருந்து வந்தது என்று போனில் பார்த்துச் சொல்லவேண்டும். ஆள் தலையை ஆட்டின பிறகுதான் மெஷினில் வெட்டவேண்டும். கேட்கிற சொல்லும் பெரும்பாலும் ஒரே வகை. ஜாக்கிரதை, உஷார், முன்யோசனை.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை திருச்சுழிப் பக்கம், சொந்தமாகக் கடை. அவரும் அவர் அம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. கேட்டால் இல்லை என்பாள். இனிமேல் அவர்கள் ஆள் யாராவது, யார் என்று சொல்லிக்கொள்ளாமல் வந்து நம்மைப் பற்றி விசாரிப்பார்கள். போன வரன் அந்த விசாரிப்பில்தான் கலைந்தது. யார் என்ன சொன்னார்களோ, அதற்குப் பிறகு போனைக்கூட எடுக்கவில்லை. இந்தத் தடவை அம்மா முந்திக்கொண்டார். மளிகைக் கடை, டைலர், பால்காரர் என்று ஒருவர் விடாமல் போய், யார் கேட்டாலும் இப்படிச் சொல்லுங்கள் என்று ஒரே வாக்கியத்தைப் படித்துக்கொடுத்துவிட்டு வந்தார்: “அந்தப் பிள்ளை இருக்குற எடமே தெரியாதுங்க.” எங்கள் அக்கா மாடியில் பேசினால் தெருமுனையில் கேட்கும். எனக்குக் கிடைத்த உத்தரவு வேறு: “கடைக்கு வர்றதுல யாரு அவுக ஆளுன்னு தெரியாது. நீ வாயைத் தெறக்காத.” வாயைத் திறப்பதுதான் என் வேலையே.

டிராக்டர்காரர்

நரிக்குடியில் இருந்து ஒருவர் வந்தார். டிரெய்லர் பின்னாடி ‘காஷன்’ என்று பெரிதாக வேண்டும் என்றார். எச்சரிக்கை என்று அர்த்தம், லத்தீனில் இருந்து வந்தது, இங்கிலீஷில் முதன்முதலில் இதற்கு ஜாமீன், பிணை என்றுதான் அர்த்தம் இருந்தது என்று சட்டப்படி சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க வீடு எங்கன பாப்பா இருக்கு?” என்றார்.

ஆள் இவர்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருப் பெயரைச் சொல்லி, இல்லாத மரியாதையெல்லாம் கொடுத்து, எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். அவர் சொன்னார்: “நாளைக்குப் போலீசு வண்டிய மறிச்சு, என்னடா ஜாமீன்னு எழுதியிருக்கன்னா, உன்னையத்தான கூட்டிட்டுப் போகணும்?”

நாய் இல்லாத வீடு

இவர் புது வீடு கட்டியவர். கேட்டில் மாட்ட ‘பிவேர் ஆஃப் டாக்’ வேண்டும். ‘பிவேர்’ என்பதில் இருக்கிற ‘வேர்’ என்பதும், உஷாரானவர்களைச் சொல்கிற ‘வேரி’ என்பதும், ‘அவேர்’ என்பதும் இங்கிலீஷில் ஒரே குடும்பம், எல்லாமே கண்ணைத் திறந்து வைத்திருப்பதைச் சொல்வது என்றேன். கேட்டுக்கொண்டார். படம் போடலாம், என்ன ஜாதி நாய் என்று கேட்டேன். நாயே இல்லை என்றார். அப்புறம் எதற்கு போர்டு என்றேன்.

“நாய்னா தெனம் சோறு வைக்கணும். போர்டுக்கு என்னத்த வைக்கப் போறேன்?”

கேமராக்காரர்

சிசிடிவி மாட்டித் தருகிறவர். கடைக்கு யாரும் வைக்காத பெயராக வேண்டும் என்று உயிரை வாங்கினார். ‘சர்கம்ஸ்பெக்ட்’ என்றேன். சர்கம் என்றால் சுற்றி, மற்றது பார்ப்பது. சுத்திமுத்திப் பார்த்துப் பேசு என்று நம் வீட்டில் அதட்டுவார்களே, அதையேதான் லத்தீன்காரனும் சொல்லியிருக்கிறான். அவருக்குப் பிடித்துப்போனது. பிடித்ததும் பேச ஆரம்பித்தார். வீட்டில் எத்தனை பேர், அப்பா என்ன பண்ணுகிறார், கூடப் பிறந்தது யார், அக்கா வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள். டிராக்டர்காரரிடம் ஏமாந்த மாதிரி ஏமாறக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அக்கா வீடு திரும்புகிற நேரத்தை வேறு யார் கேட்பார்கள்?

டீ வாங்கிக்கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அம்மா வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா மீன்குழம்பு நன்றாக வைப்பாள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். “அப்பா வெளியூரு, அக்கா வர ராத்திரி ஆகும்னா வாசலுக்கு ஒண்ணு, கொல்லைக்கு ஒண்ணு, ரெண்டு கேமரா போதும். வீட்ல கேட்டுச் சொல்லுங்க.”

டியூஷன் சார்

இவருக்கு ‘புரூடன்ட்’ என்று டியூஷன் சென்டருக்குப் பெயர். முன்கூட்டியே பார்ப்பவன் என்று லத்தீனில் நீளமாக இருந்த சொல் தேய்ந்து இப்படி ஆனது என்றேன். பேனாவை மூடிவிட்டு யோசித்தார்.

“முன்கூட்டியே பாக்குறதுன்னா, நான் கொஸ்டின் பேப்பரப் பாத்துட்டேன்னு நெனைச்சிர மாட்டாகளே?”

செருப்புக்குள் கல்

ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்து ஒரு அம்மா வந்தார். மஞ்சள் பை, வெயிலில் வந்த எரிச்சல். அண்ணன் மகன் கடைக்கு போர்டாம், ‘ஸ்க்ருபுலஸ் சர்வீஸ்’ என்று எழுதவேண்டுமாம். என் வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

செருப்புக்குள் மாட்டிக்கொண்டு உறுத்துகிற கூரான சின்னக் கல்லில் இருந்து வந்த சொல், மனசு உறுத்துகிற மாதிரி எதையும் செய்யாத ஆள் என்று அர்த்தம் என்றேன். “கல்லு உறுத்துனா உதறிட்டுப் போயிரலாம்ல? அதப் போயி போர்டுல எழுதணுமாக்கும்” என்றார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. “எல்லாரும் உதறிட்டுத்தான் போறாக. எங்க அக்காவ ஒருத்தவுக பேசி முடிச்சிட்டு, யாரோ சொன்னதக் கேட்டு விட்டுட்டுப் போனாக. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல” என்றேன்.

“என்னன்னு சொல்லியிருப்பீக?”

“அவ கோவக்காரின்னு. மில்லுல சூப்பர்வைசர் சின்னப் பிள்ளைகள அசிங்கமாப் பேசி வஞ்சான். இவ அவன எல்லாருக்கும் முன்னாடி திருப்பி வஞ்சிட்டு வேலைய விட்டுட்டு வந்துட்டா. இப்ப மருந்துக் கடையில இருக்கா. அங்கயும் அப்படித்தான் பேசுவா.”

அந்த அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தார். போர்டு வெட்டட்டுமா என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இருக்கட்டும் தாயி, அவன்கிட்டக் கேட்டுட்டு வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளை வீட்டில் இருந்து வருவதாகப் போன் வந்தது. முடியாது என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா பாத்திரம் விளக்குகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வண்டியில் இருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இறங்கினார்கள். பின்னால் மஞ்சள் பையோடு மாப்பிள்ளையின் அத்தை. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அத்தை உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்னார்: “உங்க தெருவுல நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். நாலு பேரும் எழுதி வச்சுப் படிச்ச மாதிரி, இருக்குற எடமே தெரியாதுன்னாக. ஏதோ பெருசா மறைக்கிறாகன்னு பஸ் ஏறப் போயிட்டேன். எதுக்கும் தங்கச்சிக்காரியப் பாத்துட்டுப் போவோம்னு போர்டு கடைக்கு வந்தேன். அந்தா கதவுக்குப் பின்னாடி நிக்கிறாளே, அவ ஒருத்திதான் கோவக்காரின்னு சொன்னா. அப்பதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. பொண்ணக் கூப்பிடுங்க, அந்த சூப்பர்வைசர என்ன சொல்லி வஞ்சாள்னு அவ வாயால கேக்கணும்.”

உஷாராக இருப்பதற்கு இங்கிலீஷில் எத்தனையோ சொல் இருக்கிறது, எங்கள் அம்மா அத்தனையும் செய்துபார்த்தார், கல்யாணம் நிச்சயமானது என்னவோ நான் உஷாரில்லாமல் வாயைத் திறந்ததால்தான்.