களிமண்ணுக்கு ஏற்ற வெட்ஜ்

கால்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால் ஊரில் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்னை அலுவலகத்தில் இருந்தபோது ஒரு மேலதிகாரி இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார், அவ்வளவுதான். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது அந்தப் பையும் சாமான்களோடு வந்து சேர்ந்தது. இங்கே சால்ட் லேக்கில், எங்கள் பொதுத்துறை அலுவலகத்தின் பெரிய அதிகாரிக்கும் அதே பைத்தியம். ஞாயிறு விடிந்ததும் ஆடப் போகாவிட்டால் அவருக்கு வாரம் ஓடாது. அவரோடு போகாவிட்டால் என் காரியம் நடக்காது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

காரியம் ஒன்றே ஒன்றுதான். சென்னைக்கே திரும்ப மாற்றல் கேட்டு நான் எழுதிக் கொடுத்த மனு அவர் மேஜையில் கிடந்தது. குரோம்பேட்டை வீட்டில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாக இருந்தார். என் மனைவி காலையில் அவருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். நாள் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு வந்து மறுபடி அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தினமும் சாயங்காலம் போனில் ஒரே கேள்விதான்.

"இன்னைக்காவது ஏதாவது சொன்னாரா?"

"பாக்கறேன்னாரு."

"ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டே இருக்காரு" என்பாள். கோபம்கூட இருக்காது அதில். களைப்புதான் இருக்கும்.

துர்கா பூஜைக்குச் சற்று முன்னால், பந்தல்களுக்கு மூங்கில் நட ஆரம்பிக்கும் நேரத்தில், அலுவலகங்களுக்கு இடையே ஒரு போட்டி நடக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அந்த வருஷம் அவர் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். அவரை ஜெயிக்க வைத்துவிட்டால் மனசு குளிர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படியும் ஒரு கணக்கு.

சிக்கல் என் வெட்ஜில் இருந்தது. பச்சைப் புல்தரையில் இருக்கும் குழிக்குக் கொஞ்ச தூரத்தில் பந்து வந்த பிறகு, அதை மேலே தூக்கி மெத்தென்று இறக்குவதற்கான மட்டை அது. சென்னையில் அதை வைத்து நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இங்கே எடுத்தால் பந்துக்குப் பின்னால் மண்ணில் குத்திக்கொண்டு நின்றுவிடும். பந்து இரண்டு முழம் நகரும். மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும். போனில் வீடியோ பார்த்தேன், தோளைத் திருப்பினேன், இடுப்பை ஒடித்தேன். எல்லாம் வயதினால் வந்த கோளாறு என்று என்னையே நொந்துகொண்டேன்.

பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் உதவியாளுக்குக் கால்ஃபில் கேடி என்று பெயர்; என் கேடி எனக்குச் சமவயதுக்காரர். டோலிகஞ்ச் பக்கம் வீடு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான். பல ஞாயிறுகள் என் கூத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒருநாள், வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுச் சொன்னார், "தாதா, நீங்க பந்தை அடிக்கல. கிணறு வெட்டறீங்க."

அவர் என் வெட்ஜைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். கத்தி விளிம்பாகத் தட்டையாக இருந்தது. "இது எந்த ஊர் மண்ணுக்கு வாங்கினது?"

"சென்னை."

"அங்க தரை எப்படி?"

"வெயில்ல காஞ்சு கட்டாந்தரையா இருக்கும்."

"இது கங்கை மண் தாதா. மாட்டி நரோம், மண்ணு மெத்துனு இருக்கும்" என்று காலால் அழுத்தினார். மழைத் தண்ணீர் செருப்பைச் சுற்றி ஊறியது. "அதுலயும் நீங்க மேலேர்ந்து செங்குத்தா இறக்கறீங்க. குத்தாம என்ன செய்யும்?"

மட்டையின் அடிப்பக்கம் புடைத்திருக்கும் அளவுக்குப் பவுன்ஸ் என்று பெயர். இறுகிய தரையில், மட்டையைப் பக்கவாட்டில் வழித்துக்கொண்டு போகிறவனுக்கு அது குறைவாக இருக்க வேண்டும். ஈரமான மண்ணில், என்னைப்போல் ஓங்கி இறக்குகிறவனுக்கு அதிகமாக இருக்க வேண்டும். புடைப்பு இருந்தால் மட்டை மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். நான்கு வருஷமாக இதுகூடத் தெரியாமல், சென்னைத் தரைக்கு வாங்கியதைக் கொல்கத்தா சேற்றில் வீசிக்கொண்டிருந்தேன். மட்டையை மாற்றிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே இருக்கப் போகிறவன் அல்லவே நான்.

அடுத்த வாரம் கேடி யார் யாரிடமோ கேட்டு மூன்று வெட்ஜ்களைக் கொண்டுவந்தார். மட்டையின் முகம் அறுபது டிகிரி சாய்ந்தது பார்க்க அழகாக இருந்தது. பந்து நேராக ஆகாயத்துக்குப் போய் என் முன்னாலேயே விழுந்தது. "அது உங்களுக்கு வேண்டாம்" என்றார். ஐம்பத்திரண்டு டிகிரியில் அடித்த பந்து குழியைத் தாண்டி ஓடியது. ஐம்பத்தாறு டிகிரி, அடிப்பக்கம் நன்றாகப் புடைத்தது, கையில் எடுத்தால் கனமாக, அசிங்கமாக இருந்தது. ஈரப்புல்லில் இருபது பந்து அடித்தேன். ஒன்றுகூடக் குத்தவில்லை. அதே போல ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

போட்டியன்று காலைவரை மழை. கடைசிக் குழியில் சமநிலை. பெரிய அதிகாரி அடித்த பந்து குட்டைக்கு இந்தப் பக்கம் நனைந்த புல்லில் கிடந்தது. குட்டையைத் தாண்டி நான்தான் அனுப்ப வேண்டும். அப்பாவை நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஒன்றையும் நினைக்கவில்லை. மட்டை மண்ணைத் தொட்டு வழுக்கியது. பந்து எழும்பி, குட்டையைத் தாண்டி, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் அதை மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளினார். பன்னிரண்டு வருஷம் கழித்து எங்கள் அலுவலகத்துக்குக் கோப்பை வந்தது என்றார்கள். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் டீயும், மீனை மசித்துப் பொரித்த சாப்பும் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் என் தோளில் கைபோட்டு, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார், "உங்க அப்ளிகேஷனை நேத்துதான் எடுத்துப் பார்த்தேன். இந்த மனுஷனை அனுப்பிட்டு நான் யாரோட ஆடறது? அடுத்த வருஷம் பார்க்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் ஒரு கணம் உள்ளுக்குள் ஜில்லென்றுதான் இருந்தது. பதினைந்து பேர் முன்னால், இவன் இல்லாமல் முடியாது என்று என்னைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை. டீயைக் குடித்து முடித்த பிறகுதான் அடுத்த வருஷம் என்று அவர் சொன்னது உறைத்தது.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். ஜெயித்ததைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது, குரலே மாறிவிட்டது.

"அப்ப கையெழுத்து போட்டுட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன்.

"அவரு அப்படிச் சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லவும் தெம்பில்லை. "தேங்க்யூ சார்னு சொன்னேன்" என்றேன்.

பின்னாலிருந்து அப்பா அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு அவரிடம் போனாள்.